உன் ட்ரக்குக்கு மூச்சு வந்துவிட்டது

ஸ்காபரோ,
ஐப்பசி, வியாழக்கிழமை பின்னேரம்.

பாசமுள்ள மகன் கீதனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். முழங்காலும் சுகம், பிரஷரும் டொக்டர் முகம் சுளிக்காத அளவில் நிற்கிறது. அங்கே சட்பரியில் நீயும், உன் வேலையும், நீ எப்போதும் குறை சொல்லுகிற உன் அறை ஹீட்டரும் நல்லபடி இருக்கவேணும் என்று நம் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளையாருக்கு வேலை கூடிப்போய்விட்டால் என்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எமில்டா அன்ரி தன் பங்குக்கு அந்தோனியாரையும் கேட்டிருக்கிறா.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் எடுத்தால், "அம்மா, வேலையில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்பாய். பிறகு எடுக்க மாட்டாய். வாட்ஸ்அப்பில் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவித் தடவி ஒரு பக்கம் எழுதினால், நீ ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்கிறது. கடிதமென்றால் முழுக்க வாசித்துத்தான் ஆகவேணும், நடுவில் வெட்ட ஏலாது. ஆகவே ஆறுதலாக இருந்து வாசி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உன் ட்ரக்குக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அதன் நன்மைக்குத்தான் நடந்தது. எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற அல்பேட் உனக்கு ஏதும் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், அவர் சொன்ன நேரத்தில் அவர் மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள். அதை வழியில் சொல்கிறேன்.

ஆவணியில் நீ சொன்னாய், "அம்மா, ஐ திங்க் நான் இஞ்சதான் இருப்பன். கொம்பனி வாகனம் தந்திருக்கு. ட்ரக்கை வித்துப்போடுங்கோ" என்று. சரி என்றேன். ஓனர்ஷிப்பும் இன்சூரன்சும் என் பெயரில்தானே, விற்பதற்கு என்ன என்று நினைத்தேன். கூரை வேலை செய்கிற சிவபாதத்தை உனக்குத் தெரியும், கோயிலில் சூரனைத் தூக்குகிறவன். பனி கொட்ட முதல் தனக்கு ஒரு ட்ரக் வேணும், கூரை ஓடு ஏற்ற என்று அவன் கேட்டு வந்தான். ஓட்டிப் பார்க்கவேணும் என்றான். நானும் பக்கத்தில் ஏறியிருந்தேன். பிறிம்லி வீதியால் ஏரிக்கரைக்கு இறங்கும்போது ஒரு குறையும் இல்லை; இறங்குவதற்கு யாருக்குத்தான் கஷ்டம். திரும்பி அந்த மேட்டில் ஏறும்போதுதான் வண்டி முனகத் தொடங்கியது. அவன் மிதிக்கிறான், சத்தம் மட்டும் கூடுகிறது, மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எங்களைத் தாண்டிப் போனாள். போகும்போது கையும் காட்டினாள். நானும் திருப்பிக் காட்டினேன், மரியாதை மரியாதைதானே. மேலே வந்து சேர்ந்ததும் சிவபாதம் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னான், "அன்ரி, உது எஞ்சின் இல்லை, ஆஸ்துமா. காத்தே எடுக்குதில்லை. இரும்பு விலைக்கெண்டாத் தாங்கோ, கொண்டுபோறன்."

இரும்பு விலை. இரண்டு கோடைகாலம் முழுக்க நீ அந்த ட்ரக்குக்குக் கீழே படுத்துக் கிடந்தாய். சாப்பிட வா என்றால் வரமாட்டாய். நான் தட்டைக் கொண்டுவந்து டயருக்குப் பக்கத்தில் வைப்பேன், கீழேயிருந்து ஒரு கை மட்டும் வந்து புட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். அப்படி வளர்த்த ட்ரக்கை இரும்புக் கடைக்குக் கொடுப்பதா. "வேண்டாம் தம்பி, ஒரு கிழமை கழிச்சு வாரும், இழுக்கும்" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஒரு கராஜில் விசாரித்தேன். காற்றுப் போகிற வழி முழுவதையும் மாற்றவேணும், அதற்கென்று ஒரு பெட்டிச் சாமான் இருக்கிறது என்று அவன் ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு நான் இரண்டு மூக்குத்தி வாங்கி, குத்துவதற்கு இன்னொரு மூக்கும் வாங்கலாம்.

எமில்டா அன்ரிதான் சொன்னா, "குணமக்கா, காத்து சும்மாதானே கிடக்கு. சும்மா கிடக்கிறதை உள்ளுக்கு விடுறதுக்கு ஏன் காசு குடுப்பான்" என்று. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவவே யூடியூப்பில் ஒரு தாடிக்காரத் தம்பியையும் பிடித்துத் தந்தா. அமெரிக்காவில் எங்கேயோ வெயில் ஊரில் இருந்துகொண்டு, செலவில்லாமல் ட்ரக்குக்குக் காற்று விடுவது எப்படி என்று அவன் காட்டுகிறான். நல்ல பிள்ளை, கை முழுக்க எண்ணெய், ஆனால் வாயைத் திறந்தால் ரயில். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "எனக்கு விளங்குது, நான் சொல்லுறன்" என்று எமில்டா அன்ரி சொன்னா. அவவுக்கும் படம் மட்டும்தான் விளங்குகிறது என்பது எனக்கு வெகு பிந்தித்தான் தெரியவந்தது.

பொனட்டைத் திறந்தோம். முதல் பிடியை இழுக்கப் பெற்றோல் மூடி திறந்தது, இரண்டாவதுக்கு ஆசனம் பின்னால் சாய்ந்து எமில்டா அன்ரி படுத்துவிட்டா, மூன்றாவதுக்குத்தான் பொனட் திறந்தது. உள்ளே பார்த்தால், காற்றுப் போகிற பழைய பெட்டியை நீ கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பாகக் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை வைத்திருக்கிறாய். வைத்தது சரி மகன், அதை எதால் கட்டியிருக்கிறாய்? என் சூட்கேஸ் பட்டியால். லண்டனில் சித்தி மகளின் கலியாணத்துக்குப் போக வெளிக்கிட்டபோது வீடு முழுக்கத் தேடினேனே, அந்த வானவில் நிறப் பட்டி. அது இல்லாமல் போய், அங்கே எயர்போர்ட்டில் சூட்கேஸ் வாயைப் பிளந்து, என் உள்பாவாடைகள் தனித்தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தன. அதைப் பற்றி இப்போது கதைக்கவில்லை. அந்தக் கூம்பு எஞ்சினுக்கு மேலேயே குந்திக்கொண்டு, எஞ்சின் விடுகிற வெக்கையையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. சூடான காற்று மெல்லிசு, குளிர்ந்த காற்று தடிப்பு, எஞ்சினுக்கு வேண்டியது தடித்த காற்று என்பதுதான் தாடித் தம்பியின் கதை. இதை விளங்க எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. புட்டுப் பானை ஆவிக்கு மேலே முகத்தை நீட்டிக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னால் யாருக்கு ஏலும். ஆகவே ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு மறைப்பு வேணும், முன்பக்கத்தில் இருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர ஒரு குழாய் வேணும். அவ்வளவுதான் வேலை.

மறைப்புக்குத் தாடித் தம்பி அலுமினியத் தகட்டைக் காட்டினான். நம் வீட்டில் இல்லாத அலுமினியமா. பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி, எதுவானாலும் கொத்துரொட்டியும் ரோல்சும் வந்து இறங்குகிற தட்டங்களை நான் கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். "ஏனம்மா உதுகளைச் சேர்க்கிறீங்கள்" என்று நீ கேட்பாய். இதற்குத்தான். மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டி, மூன்று தட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, ஃபில்டரைச் சுற்றி ஒரு சின்ன அறை மாதிரிக் கட்டினோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஸ்ரார்ட் பண்ணினதும் தட்டங்கள் அடிக்கத் தொடங்கின. மேளக்கச்சேரி என்றால் அப்படி ஒரு கச்சேரி. தெருமுனை வீட்டு நாய் வேலிக்கு மேலால் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு பார்த்தது. லோறன்ஸ் வீதியில் திரும்பும்போது ஒரு தட்டம் கழன்று கீழால் விழுந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்கார மனிசன் மூச்சிரைக்க ஓடிவந்து, நசுங்கின தட்டத்தை என்னிடம் நீட்டி, "உங்கட சாப்பாடு விழுந்திட்டுது, எனக்குச் சரியான கவலையாயிருக்கு" என்று இங்கிலீஷில் சொன்னான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, கேக் அடுப்புக்குள் இருந்த தடித்த சதுரக் கேக் தட்டை எடுத்து, அல்பேட்டிடம் துளைபோடுகிற மெசின் கேட்டு வாங்கி, ஆணி பூட்டி இறுக்கினோம். அது இன்றுவரை அசையவில்லை. கேக் இனி இந்த வீட்டில் வட்டமாகத்தான் வேகும்.

அடுத்தது குழாய். பேஸ்மென்டில் துணி உலர்த்துகிற மெசினுக்குப் பின்னால், ஆவியை வெளியே விடுகிற மினுங்குகிற வளைகிற குழாய் ஒன்று இருக்கிறதே, தாடித் தம்பி பூட்டினதும் அதே சாதிதான். கடைக்குப் போய்ப் புதிது வாங்குவதற்கு முதல், நம்முடையதைப் பூட்டி அளவு சரிதானா என்று பார்ப்போம் என்று கழற்றினேன். அளவு சரி. சரியாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டோம். பின்னேரம் வழமைபோல பெற்சீற்றுகளைத் தோய்த்து உலரப் போட்டுவிட்டு, மேலே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அல்பேட் ஏறி வந்தார். தலை, மீசை, தோள் எல்லாம் வெள்ளை. அவர் சத்தம் போடவில்லை. "அக்கா, பேஸ்மென்டில மேகம் இறங்கியிருக்கு" என்றார். "என்ன மேகம்" என்றேன். "எனக்குத் தெரியாதக்கா. சூடான மேகம். பஞ்சும் பெய்யுது" என்றார். அடுத்த நாள் சேர்ச்சில் பூசைக்குப் போட என்று அவர் மினுக்கி மாட்டி வைத்திருந்த கறுப்பு சூட்டைக் கையில் கொண்டுவந்து காட்டினார். அது கறுப்பு என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நானும் எமில்டா அன்ரியும் ஆளுக்கொரு பக்கமாக இருந்து ஒட்டுத்தாளால் அந்தப் பஞ்சை எடுத்துக் கொடுத்தோம். மனிசன் பாவம், ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. "ட்ரக் இப்ப நல்லா மூச்சு விடுதோ" என்று மட்டும் கேட்டார்.

விட்டது மகன், விட்டது. ஆனால் மூச்சோடு பாட்டும் வந்தது. வளையம் வளையமான குழாய்தானே, காற்றுப் போகும்போது ஊதத் தொடங்கிவிட்டது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுவார்களே, அதே சுருதி, ஏறாமல் இறங்காமல் ஒரே இழுப்பு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் கார் நிறுத்துகிற இடத்தில் திரும்பினேன். அங்கே நின்ற வயதான ஒருவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி வெளிவீதி வருகுது என்று சொல்லிக் கைகூப்பினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஆளைத் தெரியாத மாதிரி மெதுவாக அவர்கள் நடுவால் போய் நிறுத்தினேன். நிறுத்தினதும் சாமியும் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் குழாயைக் கழற்றி ட்ரையருக்கே திருப்பிப் பூட்டினேன், அல்பேட் கீழேயிருந்து, "நன்றியக்கா" என்றார். கராஜுக்குள் மழைத்தண்ணி இறங்குகிற கூரைப் பீலிக்கு வாங்கி மிஞ்சின, வளையமில்லாத அழுத்தமான குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் பூட்டினோம். பாட்டு நின்றது. இலை கிலை போகாமல் குழாயின் வாயில், சமையலறைச் சிங்கில் போடுகிற வலையும் வைத்தாயிற்று.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எமில்டா அன்ரி, "ஃபில்டர் ஊத்தையாய் இருக்கக்கா, தாடிக்காரன் அதைக் கழுவி எண்ணெய் வைக்கிறான்" என்றா. கழுவினேன், காயவிட்டேன். "என்ன எண்ணெய்" என்று கேட்டேன். அவ திரும்பவும் படத்தைப் பார்த்துவிட்டு, "எண்ணெய்தான்" என்றா. நானும் யோசித்தேன். பிரச்சினை சூடு. சூட்டுக்கு நல்லெண்ணெயைவிட வேறென்ன இருக்கிறது. அன்றைக்குச் சனிக்கிழமையும். உனக்குச் சின்னனில் உச்சந்தலையில் வைப்பது போல நன்றாக ஊறத் தேய்த்துப் பூட்டினேன். ட்ரக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டோம். கொஞ்ச தூரத்திலேயே வண்டிக்குள் எள்ளுருண்டை வாசம் வந்தது. "நல்ல மணம்" என்று எமில்டா அன்ரி சொன்னா. மாக்கம் வீதிச் சிக்னலுக்குக் கிட்டப் போகும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால், எஞ்சின் படம் போட்ட ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. பிறகு எஞ்சின் இருமியது, குலுங்கியது, பச்சை விழுந்த அதே நேரம் செத்துப்போயிற்று. எங்களுக்குப் பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்காபரோ முழுக்க. பஸ் தரிப்பில் நின்ற சனம் மூக்கை உயர்த்தி, எந்தக் கடையில் வடை சுடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எமில்டா அன்ரி செபமாலையை எடுத்துவிட்டா.

அந்த நேரத்தில்தான் நீ போன் எடுத்தாய். ஞாயிறு மட்டும் எடுக்கிற பிள்ளை சனிக்கிழமை எடுத்தாய். "அம்மா, மல்லித்தண்ணிக்கு மல்லியோட வேற என்ன போடுறது" என்று கேட்டாய். குரல் அடைத்திருந்தது. "காய்ச்சலோ" என்றேன். "இல்லையம்மா, ஐ ஆம் ஓகே, ஜஸ்ட் அ கோல்ட்" என்றாய். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. "என்ன சத்தம், எங்க நிக்கிறீங்கள்" என்று கேட்டாய். நான் கோயிலில் என்று சொல்லிவிட்டேன். "கோயில்ல ஹோர்ன் அடிக்கினமோ" என்றாய். "விசேஷ நாள்" என்றேன். இஞ்சியைத் தட்டிப் போடு, மிளகு நாலு போடு, சீனி போடாதே என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, பஸ் சாரதி இறங்கி வந்து ஜன்னலில் தட்டினான். நான் போனைக் காட்டி, "மகன், அவனுக்குத் தடிமன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு பஸ்ஸில் இருந்து இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, ட்ரக்கைத் தள்ளிப் பிளாசாவுக்குள் விட்டுவிட்டுப் போனான். அதுவரைக்கும் நீ போனை வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரியம்மா, வைக்கிறன், மிளகு இல்லை, பரவாயில்லை" என்றாய். மிளகு இல்லாத வீட்டில் என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் அந்தப் பிளாசாவில் நெடுநேரம் இருந்தேன். எமில்டா அன்ரி இறங்கினா. போய் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தா.

நான் போன் பண்ண, அல்பேட்தான் வந்து பார்த்தார். காற்று எவ்வளவு போகிறது என்று அளக்க உள்ளே முடி மாதிரி ஒரு கம்பி இருக்கிறதாம். நல்லெண்ணெய் போய் அதில் படிந்துவிட்டதாம். "அக்கா, இதுக்கெண்டு ஒரு ஸ்பிரே விக்குது, ஃபில்டருக்கும் தனியாய் ஒரு எண்ணெய் சின்னப் போத்தல்ல விக்குது, இரண்டும் வலு மலிவு" என்றார். "இவ்வளவு தெரிஞ்ச நீங்கள் ஏன் முதலே சொல்லேல்லை" என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லையே. எனக்கும் இப்பதான் தெரியும், வரேக்குள்ள பஸ்ஸில இருந்து வாசிச்சன்" என்றார். மழை தூறத் தொடங்கியிருந்தது. எமில்டா அன்ரி குடை பிடிக்க, அவர் பிளாசாக் கடையில் வாங்கின ஸ்பிரேயை அந்தக் கம்பிக்கு அடித்தார். காய வேணும் என்றார். மூன்று பேரும் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போகிறவர்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஃபில்டரை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சின்னப் போத்தல் எண்ணெயைத் துளியாக விட்டுப் பூட்டினோம். மஞ்சள் வெளிச்சம் அடுத்த நாள் தானாக அணைந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த மேட்டுக்குப் போனேன். எமில்டா அன்ரியும் கூட வந்தா. ஏரிக்கரைக்கு இறங்கி, திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். கீதன், அது ஏறினது. முனகாமல், நடுங்காமல், யாரோ பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி ஏறினது. எஞ்சின் சத்தமும் வேறு. அடித்தொண்டையால் ஒரு உறுமல், நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஆளின் குரல். பாதி மேட்டில் சைக்கிளில் மூன்று பேர், சைக்கிள் உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களைத் தாண்டினோம். எமில்டா அன்ரி ஜன்னலால் கை காட்டினா. மேலே வந்து ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தேன், அவவுக்கும் கண் கலங்கியிருந்தது. "என்னத்துக்கு அழுறீர்" என்றேன். "நீங்களும்தானே அழுறியளக்கா" என்றா. அறுபது வயதுக்கு மேல், எஞ்சின் எதற்குக் காற்று எடுக்கிறது என்பதை நான் படித்திருக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். பொனட்டைத் திறந்து காட்டினாலும், கேக் தட்டைத் திருப்பித் தா என்றுதான் கேட்டிருப்பார்.

நேற்றுச் சிவபாதம் வந்தான். ட்ரக் திறப்பைக் கையில் கொடுத்தேன். அவன் தனியாகப் போய் ஓட்டிவிட்டு வந்தான். இறங்கி வந்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அன்ரி, எந்தக் கராஜில குடுத்தனீங்கள்" என்றான். "எங்கட கராஜில" என்றேன். நல்ல விலை சொன்னான், நானும் சரியென்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொண்டு போவான். காசை உன் கணக்கில் போடுகிறேன், குளிர்ச் சப்பாத்து நல்லதாக ஒன்று வாங்கு.

எனக்கு இதில் கவலை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒருவகையில் நிம்மதி. பின்னேரங்களில் சமையலறை ஜன்னலால் பார்க்கும்போது ட்ரக் வாசலில் நிற்கும். நிற்பதைக் கண்டதும், கீதன் வந்திட்டான், சோறு போதாதே என்று ஒரு கணம் நினைத்துவிடுவேன். பிறகுதான் ஞாபகம் வரும். இனி அந்த அலுப்பு இருக்காது. நீ அங்கேயே இருக்கப்போகிறேன் என்றால் இரு. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் நன்றாக இருந்தால் அதுதான் தாய்க்கு வேணும். இதை வாசித்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, அந்த லீவை மார்கழியில் நத்தாருக்கு வைத்துக்கொள். தனிய இருந்து எனக்குப் பழகிவிட்டது. எமில்டா அன்ரி இருக்கிறா, அல்பேட் இருக்கிறார், ட்ரையரும் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது.

தலையை மூடாமல் வெளியே போகாதே. நூடில்ஸைச் சாப்பாடு என்று கணக்கில் எடுக்காதே. நீ கால் வைக்கிற இடமெல்லாம் வழுக்காமல் இருக்கவும், உனக்கு மேலதிகாரியாக வருகிறவன் எவனும் காலையில் நல்ல மனநிலையோடு எழும்பவும், உன் வீட்டு அடுப்பில் எப்போதும் ஏதோ ஒன்று சூடாக இருக்கவும் வேண்டி,

என்றும் உன்னையே நினைக்கிற
அம்மா,
குணவதி இராஜரட்ணம்.

பி.கு.: மேலே எழுதினதில் சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடு. இன்று சனிக்கிழமை. காலையில் சிவபாதம் வந்தான், பொனட்டைத் திறந்தான், "அன்ரி, உந்தத் தட்டையும் பீலியையும் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒறிஜினல் பெட்டி ஒண்டு வாங்கிப் போடப்போறன்" என்றான். நான் திறப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். விற்கிறதில்லைத் தம்பி, குறை நினையாதையும் என்று சொல்லிப்போட்டேன். அவன் போன பிறகு திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இதைச் சட்பரிக்கு வருகிற வழியில், பரி சவுண்டில் பெற்றோல் அடிக்கிற இடத்தில் இருந்து எழுதுகிறேன், ஒட்டின முத்திரை வீணாய்ப் போயிற்று, கடிதத்தைக் கையிலேயே கொண்டு வாறன். நான் ஹைவேயில் ஓட்டினது இதுதான் முதல் தரம், லொறிக்காரர்கள் எல்லாம் வலு மரியாதையாக விலத்தித் தருகிறார்கள். எமில்டா அன்ரி இருட்ட முதல் உன்னட்டை வந்துவிடுவோம் என்கிறா, அவ நாளைக்குப் பஸ்ஸில் திரும்பிவிடுவா. எனக்கு அவசரம் இல்லை. உன் கட்டிடத்துக்காரனிடம் கேட்டுச் சொல்லு, ஒரு ட்ரக்கைப் பனி முடியுமட்டும் நிறுத்த இடம் இருக்கிறதோ என்று.